கேட்பதும் குனிவதும்: ‘பிரார்த்தனை’ என்னும் சொல் பற்றி ஓர் ஆராய்ச்சி

நான் கல்லூரியில் தமிழ் படித்தவன் அல்லன். தாராவியில் பாத்திரக் கடை வைத்து, மதிய நேரத்தில் ஆள் வராத வேளைகளில் அகராதியையும் உரைகளையும் புரட்டிப் பழகியவன். ஆகவே புலவர் பெருமக்கள் படிக்கும் இம்மலரில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரே ஒரு சொல் பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை இங்கே இறக்கி வைக்கிறேன். பிழை இருந்தால் அறிஞர்கள் திருத்தி அருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கடை வாடகை விஷயமாக ஒரு வழக்குப் போட வேண்டி வந்தது. வக்கீல் தயார் செய்த மனுவை வாசித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தில் ‘பிரேயர்’ என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு. “சாமி கும்பிடுறதுக்கு இங்க என்ன சார் வேலை?” என்று கேட்டேன். வக்கீல் நம்ம ஊர்க்காரர்தான். சிரித்துவிட்டு, “கோர்ட்டுகிட்ட நீங்க என்ன கேக்குறீங்களோ அதுக்குப் பேருதான் பிரேயர். அது இல்லேன்னா இந்த மனுவே நிக்காது” என்றார்.

வழக்கு என்ன ஆயிற்று என்பது இங்கே தேவையில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் வழக்கு அல்ல, அந்தத் தலைப்புதான். நான் பிறப்பால் தமிழ்ச் சமணன். நாள்தோறும் காலையில் கை கூப்புகிறவன். ஆனால் நாங்கள் கை கூப்பும் அருகன் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. விருப்பும் வெறுப்பும் நீங்கியவனிடம் கொடுக்கவும் மறுக்கவும் என்ன இருக்கிறது? அப்படியானால் கேட்பது இல்லாத மனு நிற்காது என்கிற மாதிரி, கேட்பது இல்லாத என் காலை நேரத்துக்கும் பெயர் இல்லையா? இந்தக் கேள்விதான் இக்கட்டுரை.

கேட்பதிலிருந்து பிறந்த சொற்கள்

ஆங்கிலப் ‘பிரேயர்’ இலத்தீன் மொழியின் ‘பிரிகாரி’ என்ற வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் பொருள் கெஞ்சிக் கேட்பது. அதே அடியிலிருந்து வந்த இன்னொரு ஆங்கிலச் சொல் ‘பிரிகேரியஸ்’. நிலையில்லாதது, எப்போது போகும் என்று தெரியாதது என்று பொருள். கேட்டு வாங்கியது எப்படி நிலையற்றதாயிற்று? ரோமானியச் சட்டத்தில் ‘பிரிகேரியம்’ என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவன் கேட்டுக்கொண்டதற்காக உடையவன் தன் நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பான்; மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்வான். வாடகைக் கடையில் காலம் கழித்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

வடமொழிப் ‘பிரார்த்தனா’வும் இதே குடும்பக் குணம் உடையதுதான். ‘பிர’ என்ற முன்னொட்டும், நாடுதல், கேட்டல் என்று பொருள்படும் ‘அர்த்’ என்ற அடியும் சேர்ந்தது. பொருள் என்றும் பணம் என்றும் பயன் என்றும் பொருள்படும் ‘அர்த்தம்’ இதற்கு உறவு. பாணினி தம் இலக்கணத்தில் ஒரு வினை விகுதிக்குரிய பொருள்களை ஆணை, அழைப்பு என்று அடுக்கும்போது, வரிசையின் கடைசியில் பிரார்த்தனையையும் வைக்கிறார். அங்கே அது சமயச் சொல்லே அல்ல. ஒருவர் இன்னொருவரிடம் ‘இது கிடைத்தால் நன்று’ என்று கேட்கும் பேச்சு வகை, அவ்வளவுதான். நம் கோயில் வழக்கும் இந்தப் பழம் பொருளை மறக்கவில்லை. ‘பிரார்த்தனைத் தலம்’ என்றால் கேட்டது கிடைக்கும் ஊர். ‘பிரார்த்தனையைச் செலுத்திட்டு வந்தோம்’ என்றால் நேர்ந்துகொண்டதைத் தீர்த்துவிட்டு வந்தோம் என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மும்பையில் நாம் எல்லாரும் ‘அர்ஜி கொடுத்தாச்சா?’ என்று கேட்கிறோம். அர்ஜியும் அர்த்தமும் ஒலியில் நெருங்குவதால் இரண்டும் ஒன்று என்று நானே ஒரு காலத்தில் நம்பிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது தவறு. அர்ஜி அரபு மொழியிலிருந்து வந்தது; முன்வைத்தல் என்பது அதன் அடிப்பொருள். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டுவது என் போன்ற சுயம்புப் படிப்பாளிகளின் வழக்கமான வியாதி.

‘பிரார்த்தனை’ என்ற சொல் கேட்டல் என்ற எல்லையைத் தாண்டி, கடவுளை நினைக்கும் எல்லாச் செயலுக்கும் பொதுப்பெயராக விரிந்த கதையில் நம் மும்பைக்கும் பங்கு உண்டு. 1867-ஆம் ஆண்டு ஆத்மாராம் பாண்டுரங் முதலியோர் இங்கே ‘பிரார்த்தனா சமாஜ்’ என்ற சபையைத் தொடங்கினார்கள். வங்கத்துப் பிரம்ம சமாஜத்தின் கேசவ சந்திர சென் இங்கு வந்து பேசியது அதற்கு ஒரு தூண்டுதல். பின்னர் மகாதேவ கோவிந்த ரானடே, ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் போன்ற பெரியவர்கள் அதில் சேர்ந்து வழிநடத்தினார்கள். உருவ வழிபாடு வேண்டாம், ஒரே இறைவனைக் கூடியிருந்து துதிப்போம் என்றார்கள். துக்காராம் முதலிய மராத்திய அடியார்களின் அபங்கங்களைப் பாடினார்கள். இன்றும் கிர்காவ் பக்கம் அந்த இடத்துக்கே ‘பிரார்த்தனா சமாஜ்’ என்றுதான் பெயர். அவர்கள் செய்தது பெரும்பாலும் துதி, தியானம், அறவுரை. ஆனால் சபைக்கு வைத்த பெயர் கேட்டலைக் குறிப்பது. ஆங்கிலப் ‘பிரேயர்’ என்ற அச்சில் வடமொழிப் ‘பிரார்த்தனா’வை ஊற்றி எடுத்தது போல் எனக்குத் தோன்றுகிறது. பாத்திரத்தின் அளவுக்கு உள்ளிருப்பது சுருங்கும் என்பது எங்கள் வியாபாரத்தில் கண்ட உண்மை.

தாராவியைச் சுற்றி ஒரு நடை

இனி நம் இடத்துக்கே வருவோம். நம் மக்கள் இங்கே வந்து குடியேறிய காலத்தின் அடையாளங்கள் இரண்டு தாராவியில் உள்ளன. ஒன்று, 1887-இல் தொடங்கிய படீ மஸ்ஜித் என்னும் பெரிய பள்ளிவாசல். மற்றொன்று, 1913-இல் எழுந்த கணேசர் கோயில். பக்கத்து மாஹிமில் தூய மிக்கேல் ஆலயம். மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். மூன்று இடத்திலும் தமிழ் கேட்கும். ஆனால் மூன்று இடத்திலும் சொல் வேறு.

கணேசர் கோயில் வாசலில் ஒரு திருநெல்வேலி அம்மாவிடம் கேட்டால், “நேந்துக்கிட்டேன், அதான் வந்தேன்” என்பார். நேர்தல் என்றால் உடன்படுதல், கொடுப்பதாக ஒப்புக்கொள்ளுதல். அதனால்தான் அது நேர்த்திக்கடன். கடன் என்ற சொல்லே அதில் இருக்கிறது. வரவு வந்தால் செலவு செய்ய வேண்டும். கணக்குத் தீர வேண்டும். இதைக் குறைவாகச் சொல்லவில்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நேர்மை அதில் உண்டு.

மாஹிமில் புதன்கிழமைதோறும் சகாய மாதாவுக்கு நவநாள் நடக்கிறது. 1948 முதல் நடந்துவரும் அந்த நவநாள் பல மொழிகளில் நடக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. வெளியே வீடு, குழந்தை, கை, கால் என்று மெழுகில் செய்து விற்பார்கள். வீடு வேண்டுபவர் வீட்டையும் பிள்ளை வேண்டுபவர் குழந்தையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அங்கே சொற்கள் செபமும் மன்றாட்டும். செபம் வடமொழி ஜபத்திலிருந்து வந்தது. முணுமுணுத்தல் என்பதே அதன் முதற்பொருள், கேட்டல் அல்ல. மன்றாட்டு சுத்தத் தமிழ். மன்று என்றால் ஊரவை, நீதி சொல்லும் இடம். அங்கே நின்று பேசுவது மன்றாடுவது. என் வக்கீல் சொன்ன ‘பிரேய’ருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடையாது.

பெரிய பள்ளிவாசலில் சொல் தொழுகை. நம் தமிழ் முஸ்லிம்கள் ஒன்றைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தொழுகை வேறு, துஆ வேறு. தொழுகை என்பது நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட ஐந்து வேளை செய்யும் கடமை. துஆ என்பது அழைத்துக் கேட்பது. தொழுகையை வடநாட்டிலும் மும்பையிலும் ‘நமாஸ்’ என்கிறார்கள். இது அரபுச் சொல் அல்ல, பாரசீகச் சொல். வடமொழி ‘நமஸ்’ என்பதும் பாரசீக ‘நமாஸ்’ என்பதும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை; வளைதல், பணிதல் என்பதே இரண்டின் கருத்தும். எங்கள் சமணத்தின் தலையாய மந்திரம் ‘ணமோகாரம்’. அதில் வரும் ‘ணமோ’வும் இந்த ‘நமஸ்’தான். பள்ளிவாசலில் என் நண்பர் செய்வதற்கும் என் வீட்டில் நான் செய்வதற்கும் சொல் அளவில் ஒரே வேர் என்று அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் அல்ல. கேட்பதிலிருந்து பிறந்த சொற்களுக்கு மாற்றாகக் குனிவதிலிருந்து பிறந்த சொற்கள் ஒரு தனிக் குலமாகவே இருக்கின்றன.

தமிழ் பிரித்து வைத்த கணக்கு

நம் மொழி இவற்றைக் குழப்பாமல் தனித்தனிப் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறது. நான் நான்காகப் பிரிக்கிறேன்.

முதலாவது, உடம்பின் சொற்கள். வணங்கு என்றால் வளை என்றே பொருள். இறைஞ்சு என்பதும் தாழ்தல், கவிழ்தல். தொழு என்பது கை குவித்தல். இவற்றில் கேட்பது எதுவும் இல்லை.

இரண்டாவது, வாயின் சொற்கள். வாழ்த்து, போற்று, ஏத்து, பரவு. வாழ் என்பதிலிருந்து வாழ்த்து, வாழச் செய்தல். போற்று என்பதற்குப் புகழ்தல் என்பதோடு பேணிக் காத்தல் என்றும் பொருள் உண்டு. இவை கொடுக்கும் சொற்கள்.

மூன்றாவது, கேட்கும் சொற்கள். வேண்டு, மன்றாடு, முறையிடு, விண்ணப்பம். வேண்டும் என்றால் தேவை. தேவையைச் சொல்வது வேண்டுதல். விண்ணப்பம் வடமொழியில் அறிவித்தல் என்ற பொருள் உள்ள சொல்லிலிருந்து பிராகிருதத் தேய்வோடு வந்தது. மராத்தியில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘வினந்தி’ இதற்கு உடன்பிறப்பு. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும் உடன் வாசிக்க 2 பேரையும் நியமித்து, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் கொடுத்தான் என்று கல்வெட்டுச் சொல்கிறது. அவர்கள் செய்ததைக் கல்வெட்டு ‘விண்ணப்பம் செய்தல்’ என்கிறது. அரசன் முன் சொல்லும் முறையே ஆண்டவன் முன்னும் போயிற்று.

நான்காவது, வழிபாடு. வழியில் படுதல், அதாவது ஒருவர் போன வழியே போதல். புறநானூற்றில் அரசனுக்கு இணங்கி நடப்பவர்களையும் இச்சொல்லால் குறித்திருக்கிறார்கள். இதில் குனிவதும் இல்லை, கேட்பதும் இல்லை, நடப்பது இருக்கிறது.

ஆக, கேட்கும் சொற்களில் பல அரசவையிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் வந்தவை. பணியும் சொற்கள் உடம்பிலிருந்து வந்தவை. வழிபாடு காலடியிலிருந்து வந்தது. இந்த நான்கையும் ‘பிரார்த்தனை’ என்ற ஒரே தலைப்பில் எழுதினால் கணக்குப் பிள்ளையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஆனால் நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

வள்ளுவரும் இளங்கோவும்

திருக்குறளின் முதல் அதிகாரத்துக்குக் ‘கடவுள் வாழ்த்து’ என்று பெயர். பத்துக் குறளையும் ஒரு விஷயத்துக்காக மட்டும் படித்துப் பாருங்கள். ‘எனக்கு இதைக் கொடு’ என்று ஓரிடத்திலாவது இருக்கிறதா? இல்லை. நூல் நன்றாக முடிய வேண்டும் என்றுகூட ஆசிரியர் கேட்கவில்லை. தொழுவது வருகிறது, வணங்குவது வருகிறது, சேர்வது வருகிறது, நெறியில் நிற்பது வருகிறது. ‘வேண்டுதல்’ என்ற சொல் நான்காம் குறளில் ஒருமுறை வருகிறது. அதுவும் பக்தன் செய்வதாக அல்ல; இறைவனிடம் இல்லாத ஒன்றாக வருகிறது. விருப்பம் இல்லாதவனிடம் ‘எங்களை விரும்பு’ என்று கேட்பது எப்படி என்ற கேள்வியை வள்ளுவர் நமக்கே விட்டுவிடுகிறார். வள்ளுவர் எங்கள் சமயத்தவர் என்ற பழைய வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. எந்தச் சமயத்தவர் படித்தாலும் இந்தப் பத்துக் குறளில் மனு இல்லை என்பது கண்கூடு.

சிலப்பதிகாரத்தில் இரண்டு பெண்கள் இதைப் பேசுகிறார்கள். ஒருவர் கவுந்தியடிகள். நாடுகாண் காதையில் அவர் அருகனைப் போற்றும் இடத்தில், காது எதைக் கேட்கும், நாக்கு எதைச் சொல்லும், கண் எதைக் காணும், கை எதற்குக் குவியும், தலை எதைச் சூடும் என்று உறுப்பு உறுப்பாக அடுக்குகிறார். தம் உடம்பையே ஒழுங்கு செய்துகொள்கிறாரே தவிர, கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நலமாகப் போய்ச் சேர வேண்டும் என்றுகூட அங்கே கேட்கவில்லை.

இன்னொருவர் கண்ணகியே. கணவன் பிரிந்திருக்கிறான். தோழி தேவந்தி, ‘இன்ன குளங்களில் மூழ்கிக் காமவேள் கோயிலில் தொழுதால் கணவரோடு சேரலாம்’ என்று வழி சொல்கிறாள். கண்ணகி அது நமக்குப் பெருமை தராது என்று மறுத்துவிடுகிறாள். அவள் மறுத்தது தெய்வத்தை அல்ல என்பது என் கருத்து. தன் துன்பத்தை விலை வைத்துத் தொழும் அந்தத் தொழுகையைத்தான் மறுத்தாள். அதே கண்ணகி பின்னால் பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்தாள். கேட்க வேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மன்றாடுவதை அவள் மன்றிலே வைத்துக்கொண்டாள்.

காலடி

குறளின் முதல் அதிகாரத்தில் பத்துப் பாட்டில் ஏழு பாட்டு அடி என்றோ தாள் என்றோ இறைவன் திருவடியைச் சொல்கின்றன. எங்கள் சமணத்திலும் திருவடிக்குத் தனி இடம் உண்டு. வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் பாதச் சுவடுகள் கல்லில் உள்ளன. சிறுவனாக இருந்தபோது அங்கே போய், “சாமி எங்கே? காலு மட்டும்தானே இருக்கு?” என்று பாட்டியிடம் கேட்டேன். “அவர் போயிட்டாரு. போன வழி இருக்கு” என்றார் பாட்டி. வழிபாடு என்ற சொல்லுக்கு எந்த அகராதியிலும் இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பாதச்சுவடு ஒன்றும் கொடுக்காது. கேட்டால் காதில் விழாது. ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சிகள்

நியாயமாக எழுத வேண்டும் என்றால் எதிர்ச் சாட்சியையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ‘நீங்கள் கேட்பதே இல்லையா, நயினாரே?’ என்று யாராவது என்னைக் கேட்டால், ‘கேட்கிறோம்’ என்றுதான் சொல்ல வேண்டும். பாதச்சுவடு இருக்கும் அதே பொன்னூரில்தான் ஜ்வாலாமாலினி என்னும் யட்சியின் வழிபாடும் இருக்கிறது. ஹேமகிராமத்து ஹேலாசாரியர் தம் மாணவி ஒருத்தியைப் பிடித்த தொல்லை நீங்க அத்தேவியை வழிபட்டார் என்று 939-இல் எழுதி முடிக்கப்பட்ட ஜ்வாலாமாலினி கல்பம் கூறுகிறது. ஹேமம் என்றால் பொன். ஹேமகிராமம் பொன்னூரே என்று கொள்கிறார்கள். அருகனிடம் கேட்க முடியாததை அருகன் பக்கத்தில் நிற்கும் அம்மனிடம் கேட்டுக்கொள்வது எங்கள் வீட்டுப் பெண்மணிகளும் அறிந்த வழிதான். நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் போய்ச் சொல்லாராய்ச்சி பேச எனக்கு வாய் வராது.

அதைவிடப் பலமான சாட்சி எங்கள் சூத்திரத்திலேயே இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களைப் போற்றும் பிராகிருதத் துதியில், நோயின்மையையும் ஞானத்தையும் சமாதியையும் ‘தருவார்களாக’ என்று வருகிறது. கொடுக்காதவர்களிடம் ‘தருக’ என்று கேட்பது பொய் ஆகாதா? இந்தக் கேள்வியை முன்னோர்களே எழுப்பிக்கொண்டார்கள். திகம்பரர்களின் மூலாசாரம் சொல்லும் விடை இது: விருப்பு வெறுப்பை அழித்தவர்கள் எதையும் தருவதில்லை, ஆனாலும் இது பக்தியால் சொல்லும் மொழி, இவ்வகை மொழி மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல. சமணர் மொழியை நான்காகப் பிரிப்பார்கள். மெய், பொய், இரண்டும் கலந்தது, இரண்டும் அல்லாதது. அழைப்பது, ஏவுவது, கேள்வி கேட்பது, யாசிப்பது எல்லாம் நான்காம் வகை. ‘தண்ணீர் கொடு’ என்பதை உண்மை என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது.

இதில் வியப்பு என்னவென்றால், கடல் கடந்த கிரேக்க நாட்டில் அரிஸ்டாட்டிலும் இதையே சொல்லியிருக்கிறார். வாக்கியங்களைப் பற்றிப் பேசும் நூலில், எல்லா வாக்கியமும் மெய்யோ பொய்யோ ஆவதில்லை என்று சொல்லி, அதற்கு உதாரணமாக அவர் காட்டுவது பிரார்த்தனையைத்தான். பாணினி அதை ஒரு வினை விகுதியின் பொருளாக வைத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று மரபுகளும் ஒன்றைக் கண்டுகொண்டன. பிரார்த்தனை உலகத்தைப் பற்றிய செய்தி அல்ல. ‘கேட்டேன், கிடைத்தது, ஆகவே மெய்’ என்பதும், ‘கேட்டேன், கிடைக்கவில்லை, ஆகவே பொய்’ என்பதும் இரண்டுமே தவறான தராசு.

எங்கள் மரபில் மனம் திறந்து கேட்கும் இடம் இன்னொன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பரியூஷணத்தின் முடிவில் மாட்டுங்காவிலும் மற்ற இடங்களிலும் குஜராத்திச் சமணர்கள் கடைக்குக் கடை ஏறி, கை கூப்பி, ‘மிச்சாமி துக்கடம்’ என்பார்கள். நான் செய்த தீமை வீணாகப் போகட்டும் என்பது பொருள். அந்த மன்னிப்பை யாரிடம் கேட்கிறார்கள்? பக்கத்துக் கடைக்காரனிடம், கூலியாளிடம், போன ஆண்டு சண்டை போட்ட பங்காளியிடம். கேட்பது முழுவதும் உயிருள்ளவர்களிடமே இருக்கிறது.

2020-ஆம் ஆண்டு

இவ்வளவும் ஏட்டுப் படிப்பு. அது சோதனைக்கு வந்த நாள் ஒன்று உண்டு. தாராவியில் கொரோனாவின் முதல் நோயாளி 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி கண்டறியப்பட்டார். அன்றே அவர் இறந்தும் போனார். பிறகு நாங்கள் பட்டது எல்லாருக்கும் தெரியும். கோயில், மசூதி, சர்ச், சமணக் கோயில் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. மகாராஷ்டிரத்தில் அவை மறுபடி திறந்தது அந்த ஆண்டு நவம்பர் 16-இல்தான். ஆக, வேண்டுவதற்கு இடமே இல்லாமல் வேண்டிய காலம் அது.

ஒரு நாள் இரவு என் நண்பர் போன் செய்தார். திருநெல்வேலிக்காரர், தோல் பை வியாபாரம். அவர் என்னை நயினாரே என்பார். நான் அவரைப் பாய் என்பேன். “நயினாரே, மவனுக்கு மூச்சுத் திணறுது. துஆ செய்யுங்க” என்றார். குரல் உடைந்திருந்தது. ‘பாய், எங்கள் மதத்தில் கேட்பது இல்லை’ என்று சொல்ல நான் என்ன மடையனா? “செய்யுறேன் பாய்” என்றேன்.

சொன்ன பிறகு இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டு, ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்குக் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் மன்றாடினேன் என்றே சொல்லலாம். இரண்டு, விடிகிற வரை உட்கார்ந்து ணமோகாரம் சொன்னேன். அதில் பையன் பெயர் இல்லை, வேண்டுதல் இல்லை; ஐந்து நிலையில் உள்ள பெரியோர்களுக்கும் வணக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த வணக்கத்தில் அமர்ந்திருந்தபோது என் பயம் குறைந்தது. அடுத்து யாருக்குப் போன் செய்வது என்று யோசிக்க முடிந்தது.

பையன் தேறி வந்தார். அதனால் என் மந்திரம் பலித்தது என்று எழுதினால், மேலே நான் எழுதிய அத்தனையும் பொய்யாகிவிடும். அதே வாரத்தில் தேறாமல் போனவர்களுக்காகவும் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். மாதங்கள் கழித்து, நான் அன்று என்ன செய்தேன் என்பதைப் பாயிடம் ஒளிக்காமல் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயமாகத்தான் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “குனியது வேற, கேக்கது வேற, நயினாரே. எங்களுக்கும் ரெண்டும் ரெண்டுதான். நீங்க குனிஞ்சீங்க, நான் கேட்டேன்” என்றார். நான் ஆண்டுக்கணக்கில் அகராதிகளில் தேடியதை அவர் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

முடிவாக

‘பிரார்த்தனை’ என்ற சொல்லை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கும்போது அது சரியான சொல். கேட்பதும் மனித இயல்பு. ஆனால் வணங்குவதையும் வாழ்த்துவதையும் வழிபடுவதையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு அமுக்கிவிட்டால், காலப்போக்கில் கேட்பது ஒன்றுதான் மிஞ்சும். நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் ‘பிரேயர்’ என்ற ஒரே சொல்லோடு வளர்கிறார்கள். பரீட்சை வந்தால் பிரேயர். பாஸ் ஆனால் மறதி. பெயில் ஆனால் சாமி மேல் கோபம். சொல் குறைந்தால் மனத்தில் வழியும் குறைகிறது.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு சிறு யோசனை. நம் விழா அழைப்பிதழில் முதல் நிகழ்ச்சிக்குச் சில ஆண்டு ‘பிரார்த்தனை’ என்றும் சில ஆண்டு ‘இறைவணக்கம்’ என்றும் அச்சிடுகிறோம். அங்கே நாம் ஒன்றும் கேட்பதில்லை. எழுந்து நின்று கை கூப்புகிறோம். ‘இறைவணக்கம்’ என்பதே போதும். வீட்டில் பேரன் பேத்திகள் கேட்டால் நான்கு சொல்லையும் சொல்லிக் கொடுப்போம். குனிய வேண்டிய இடத்தில் குனியட்டும், வாழ்த்த வேண்டியவரை வாழ்த்தட்டும், போனவர் வழியில் நடக்கட்டும். கேட்க வேண்டியது இருந்தால் முதலில் பக்கத்தில் இருக்கும் மனிதனிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இது வேண்டுகோள் அல்லவா என்று யாரும் என்னைப் பிடிக்கலாம். ஆம், வேண்டுகோள்தான். மனிதர்களாகிய உங்களிடம் கேட்கிறேன்.